கனகா டீச்சர் கொடுத்த சொல்

மதுரைச் சீமையில் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் யாரும் "போறேன்" என்று சொல்ல மாட்டார்கள். "வாரேன்" என்பார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு படியிறங்குகிற ஆள் வருகிறேன் என்பார், அனுப்பிவைக்கிறவரும் "சரி, வாங்க" என்பார். தெரியாத்தனமாக ஒரு பிள்ளை "போறேம்மா" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, மண்டையில் ஒரு குட்டு விழும். "போறேன்னு சொல்லாதடி, போயிட்டு வாரேன்னு சொல்லு!" போகிறேன் என்றால் திரும்பாத போக்கு என்று அர்த்தம். இழவு வீட்டில் மட்டும்தான் இந்த 'வாரேன்' கிடையாது. அங்கே வந்தவர்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிட வேண்டும்.

கனகாவுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? வாடிப்பட்டிப் பக்கத்தில் பிறந்தவள். ஊரார் வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் அவளைப் படிக்கவைத்த அம்மா கையால் அந்தக் குட்டை வாங்கியே வளர்ந்தவள். நன்றாகத் தெரிந்துதான் அந்தச் சொல்லை ஒரு பிள்ளையின் வாயில் வைத்தாள். அப்புறம் அதற்காக அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதை நாய்கூடப் படாது.

கனகா சிறப்பாசிரியர். காது கேளாத, பேச்சு வராத, புத்தி கொஞ்சம் மெதுவாக நடக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற வேலை. திருமங்கலத்தில் வீடு. அங்கிருந்து மேற்கே உள்ள ஊர்களின் தொடக்கப்பள்ளிகளுக்கு ஸ்கூட்டரில் முறைவைத்துப் போவாள். சின்ன வயசிலிருந்தே சேவை மனப்பான்மை என்றெல்லாம் கதைவிட வேண்டியதில்லை. பி.எட். படிக்கப் போனபோது அவள் கேட்ட பாடத்தில் இடம் இல்லை, இதில் இருந்தது, சேர்ந்துவிட்டாள். அவ்வளவுதான். வேலையும் நிரந்தரமில்லை. "இன்னுமா பெர்மனென்ட் ஆக்கல?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. "ஊமை டீச்சர் போறாங்கடா" என்று பஸ் நிறுத்தத்தில் பையன்கள் கத்தும்போது ஆரம்பத்தில் வண்டியை நிறுத்திச் சண்டைக்குப் போனாள். பிறகு, "உனக்கும் ஒரு கிளாஸ் எடுக்கவாடா?" என்று கேட்டுவிட்டுப் போகப் பழகிக்கொண்டாள். வாய்க்காரி.

ஆனால் வந்தபிறகு விடமுடியவில்லை, அதுதான் உண்மை. ஒரு பிள்ளை சட்டை பட்டன் போடப் பழகுவதற்கு ஒரு வருஷம் ஆகும். போட்ட அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றுவாள், எல்லார் கையிலும் மிட்டாய் கொடுப்பாள். "ஒரு பட்டனுக்கு இம்புட்டு அலப்பறையா?" என்று அவள் புருஷன் ராம்கி கேலி செய்வான். "ஒங்களுக்கு இன்னும் துவைச்ச சட்டைய மடிக்க வரல, நீங்க பேசாதீங்க" என்பாள் கனகா.

பவதாரிணி அவளிடம் வந்தபோது அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. ஆட்டிசம். முகம் பார்க்காது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. பேச்சு அறவே இல்லை. நாக்கில் தேன் தடவிப் பார்த்தார்கள், கோயிலில் மணி வாங்கிக் கட்டிப் பார்த்தார்கள், மதுரைக்கும் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார்கள். ஆனால் காது மட்டும் பாம்புக் காது. அப்பன் சிவபாண்டி குட்டியானை எனும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன், தோட்டத்துக் காய்களை மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு ஏற்றிப் போகிறவன். சாயங்காலம் அந்த வண்டி ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, கம்மாய்க் கரையில் வரும்போதே, மற்ற யார் காதிலும் விழாத சத்தம் அதற்குக் கேட்டுவிடும். எழுந்து ஓடி வாசலில் போய் நிற்கும்.

பள்ளிக்கூடத்தில், உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய ஓர் அறையைப் பெருக்கிக் கனகாவுக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கேதான் இரண்டு வருஷம் மல்லுக்கட்டினாள். பாசி கோர்ப்பது, பந்து உருட்டுவது, மெழுகுவத்தியை ஊதி அணைப்பது. கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் கையலம்பி விடுவதும் சத்துணவு ஆயா ஒச்சாயி. அந்தம்மாவுக்குச் சமைக்கத்தான் வேலை, ஆனால் பவதாரிணி வேறு யார் கையையும் பிடிக்காது.

ஒருநாள் ஒச்சாயிதான் வந்து சொன்னது. "டீச்சர், நீங்க வண்டிய எடுத்துட்டுப் போனதுக்கப்புறம் இந்தப் புள்ள படுத்துற பாடு ஒங்களுக்குத் தெரியுமா? கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நகரவே மாட்டேங்குது. ஆத்தாகாரி வந்து இழுத்தா தன் கையத் தானே கடிச்சுக்குது. ரத்தமே வந்துருச்சு போன தடவ."

கனகாவுக்கு முதலில் விளங்கவில்லை. அன்றைக்குக் கிளம்புகிறபோது வழக்கம்போல "டீச்சர் வாரேன்" என்று சொல்லி, தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து மறைவில் நின்று பார்த்தாள். பிள்ளை கேட்டருகே நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது. கனகாவுக்குச் சுருக்கென்றது. 'வா' என்றால் என்னவென்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தது யார்? இவள்தான். பந்து வா, பவா வா, டீச்சர் வாரேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லுக்குள் இன்னொரு சொல்லை ஒளித்து வைக்கத் தெரியாது. வாரேன் என்று சொன்ன ஆள் வர வேண்டுமா இல்லையா? வரவில்லை. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு வரவில்லை.

"அடிப்பாவி, நான்தான் புள்ளைக்கிட்டப் பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்" என்று நின்ற இடத்திலேயே வாய்விட்டுச் சொன்னாள்.

அன்றைக்கு ராம்கியைத் தன் போனில் இரண்டு படம் எடுக்கச் சொன்னாள். ஸ்கூட்டரில் அவள் எதிரே வருவது ஒன்று, முதுகைக் காட்டிக்கொண்டு போவது ஒன்று. பெரிதாகப் பிரிண்ட் போட்டு அட்டையில் ஒட்டினாள். முகம் தெரிகிற படத்துக்கு 'டீச்சர் வாரேன்'. முதுகு தெரிகிற படத்துக்கு 'டீச்சர் போறேன்'.

தலைமையாசிரியை சரண்யாதேவி அதைப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "கனகா, வேற சொல்லே கிடைக்கலையா? கிளம்புறேன்னு வையேன். புள்ள வாயில முதச் சொல்லா இதையா வைப்பே?"

"கிளம்புறேன் அது நாக்குல ஏறாது மேடம். போன்னா ஒதட்ட ஒட்டிப் பிரிச்சாப் போதும். வார்த்தை முதல்ல வரட்டும், நல்லது கெட்டதெல்லாம் அப்புறம் பாப்போம்" என்றாள் கனகா. "போறதுதானே நெசம்? நெசத்தச் சொன்னா என்ன குத்தம்?"

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மாசிமாதச் சாயங்காலம். கனகா பையைத் தோளில் மாட்டினாள். பவதாரிணி பெஞ்சின் மேலிருந்து அந்த முதுகுப் படத்தை எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே சொன்னது: "டீச்சர் போறேன்."

குரல் கட்டையாக, கரகரவென்று, ஒரு பெரிய மனுஷியின் குரல்போல இருந்தது. போறாங்க என்று சொல்ல வேண்டியதைப் போறேன் என்றது. அப்படித்தான் சொல்லும், கேட்டதை முழுசாக விழுங்கி முழுசாகக் கக்கும். கனகா சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அதைவிடப் பெரிது, அன்றைக்குப் பிள்ளை கேட்டைப் பிடித்துத் தொங்கவில்லை. டீச்சர் போறேன் என்றால் டீச்சர் போய்விட்டாள். முடிந்தது கதை. தன் பையை எடுத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு நடந்தது. ஒச்சாயிக்குத்தான் மனசு ஆறவில்லை. "நல்லாத்தான் இருக்கு டீச்சர், ஆனா வெளக்கு வைக்கிற நேரத்துல போறேங்குது..." என்று முனகியபடி பிள்ளையின் தலையைச் சுற்றித் திருஷ்டி கழித்தது.

கனகா செய்த தப்பு ஒன்று உண்டு. இந்தச் சொல் பயிற்சியை வீட்டில் உட்கார்ந்து பிள்ளையின் அம்மா பாண்டிமீனாவிடம் விளக்கியிருக்க வேண்டும். பாண்டிமீனா தையல் கம்பெனி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம் அது, ஆளைப் பிடிக்கமுடியவில்லை. கேட்டருகே வந்த சிவபாண்டியிடம் சொல்லி, "வீட்லயும் சொல்லிருங்கண்ணே" என்றாள். அவன் பூரிப்பில் தலையை ஆட்டினான். சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் கனகா டிபன் கட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. சிவபாண்டி. பசுமலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீக்கடையில் நிற்பதாகச் சொன்னான். குரல் ஒரு நிலையில் இல்லை.

"டீச்சர், எம்மக என்னய அப்பான்னு கூப்பிட்டுச்சு டீச்சர். வாசல்ல நின்னு, தெளிவா, அப்பான்னுச்சு. லோடு ஏத்துற எடத்துல சொன்னேன், ஒரு பயலும் நம்ப மாட்டேங்கிறான். ஒங்ககிட்டச் சொல்லாம எனக்கு டீ எறங்கல."

"எனக்கும் ஒரு டீ வாங்கி வைங்கண்ணே" என்று சிரித்தாள் கனகா. "சாயங்காலம் நானும் கேக்குறேன்."

"சரி டீச்சர், வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்தான்.

மத்தியானம் காயை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, திருமங்கலம் தாண்டி, முன்சக்கரம் வெடித்து வண்டி புரண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அதை யார் போய்ச் சொல்வது? அன்று காலையில் அவன் படியிறங்கியபோது, பிறந்ததிலிருந்து வீட்டில் வாயே திறக்காத பிள்ளை வாசலில் நின்று, அவன் முதுகைப் பார்த்துச் சொன்னதைப் பாண்டிமீனா அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள். "அப்பா போறேன்."

இழவு வீட்டுக்குக் கனகாவும் தலைமையாசிரியையும் போனார்கள். பந்தலில் சிவபாண்டியின் அக்கா மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். ஏழு வருஷமா ஊமையா இருந்தவ அப்பனை வழியனுப்பத்தானா வாயத் தொறந்தா, அந்தக் கருநாக்கு என் தம்பியத் தூக்கிருச்சே என்று அவள் பாடப் பாட, உட்கார்ந்திருந்த பெண்கள் மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் பவதாரிணி மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ்களைத் தரையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. கீழுதடு வீங்கியிருந்தது. யார் அடித்தது என்று கனகா கேட்கவில்லை, பாண்டிமீனாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. யாரோ ஓர் அம்மா பிள்ளையின் தலையைத் தடவி, "அப்பா வந்துருவாருத்தா, வந்துருவாரு" என்றாள்.

ஐயோ, அதைச் சொல்லாதீங்க என்று கத்த வேண்டும்போல இருந்தது கனகாவுக்கு. கத்தவில்லை. சிவபாண்டி காலையில் பேசிய போனைப் பற்றியும் சொல்லவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி பிள்ளைமேல் விழுந்திருக்கிறது, சொல்லைக் கொடுத்தவள் இங்கே வாய்பொத்தி நிற்கிறாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். 

கருமாதி முடிந்தும் பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை. கனகா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருக்கும், இல்லையென்றால் திறந்த கதவில் பாண்டிமீனா குறுக்கே நிற்பாள். ஒருதரம் மட்டும் பேசினாள். "நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களாம்ல. ஒச்சாயிக்கா சொன்னுச்சு. எம்புள்ளைக்குப் பேச்சு வேணாம் டீச்சர். ஊமையாவே இருந்துட்டுப் போகட்டும்."

கனகா பதில் சொல்ல வாயெடுத்தாள், கதவு சாத்தப்பட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய், அந்த முதுகுப் படத்தைக் கிழிக்கக் கையில் எடுத்தாள். ராம்கி வாங்கி உள்ளே வைத்தான். "இந்த வேலையே வேணாங்க. ஒரு புள்ளைக்கு ஒரு சொல்லக் குடுத்து, அதையும் கெடுத்துட்டு நிக்கிறேன்" என்றாள். அவன் கேலி எதுவும் செய்யவில்லை.

மறுபடி அவளை அங்கே இழுத்துப்போனது ஒச்சாயி. "டீச்சர், நீங்க திட்டுவாங்கினாலும் பரவால்ல, வாங்க. அந்தப் புள்ள தெனமும் பொழுதெறங்குனா வாசல்ல போயி நிக்குதாம். சோறு திங்க மாட்டேங்குது. தூக்கிட்டுப் போனா திரும்ப ஓடியாந்து நிக்குதாம். வண்டிச் சத்தம் எங்கிட்டுக் கேட்டாலும் கம்மாக்கரைப் பக்கம் பாய்ஞ்சு ஓடுதாம். நேத்து ஒரு லாரிக்கு முன்னாடி..." அதற்குமேல் அந்தம்மா சொல்லவில்லை.

கனகா போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. பவதாரிணி வாசற்படியில் நின்றது. எலும்பும் தோலுமாக இருந்தது. கனகாவைப் பார்த்ததும் வலது கையை எடுத்துத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது. பேசினால் அடி விழும் என்பது மட்டும் பிள்ளைக்கு நன்றாகப் பதிந்திருக்கிறது. 

உள்ளே பாண்டிமீனா சிவபாண்டியின் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கனகா தானாகவே போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஒச்சாயி கதவோரம் நின்றது.

"என்னய என்ன வேணும்னாலும் சொல்லு பாண்டிமீனா. வாங்கிக்கிறேன். ஒன்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சிருறேன்" என்றாள் கனகா. "அன்னைக்குக் காலைல அண்ணன் எனக்குப் போன் பண்ணுச்சு. பசுமலைல வண்டிய நிப்பாட்டிட்டு, டீக்கடையில நின்னு பேசுச்சு. எம்மக என்னய அப்பான்னு கூப்பிட்டுச்சு டீச்சர்னுச்சு. லோடு ஏத்துற எடத்துல எல்லார்ட்டயும் சொன்னுச்சாம். அம்புட்டுச் சந்தோசம். அழுதுக்கிட்டே சிரிச்சுச்சு."

பாண்டிமீனாவின் கையிலிருந்த தீப்பெட்டி நழுவியது.

"அப்பான்னா? அப்பான்னு சொன்னுச்சுன்னா சொன்னாரு?"

"வேறெதுவும் சொல்லல. அப்பாங்கிறத மட்டுந்தான் சொன்னுச்சு."

"எனக்கு அது காதுல விழுகவே இல்லையே டீச்சர்" என்றாள் பாண்டிமீனா. "நான் போறேங்கிறத மட்டுந்தானே கேட்டேன். பெத்த புள்ள அப்பான்னு சொன்னது எனக்கு விழுகவே இல்லையே!" அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். புருஷன் செத்த வீட்டில், ஊர் முழுக்கக் கூடி அழுதபோது இறுகிக் கிடந்தவள், அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். கனகா அவளைப் பிடித்துக்கொண்டாள். ஒச்சாயி முந்தானையால் மூக்கைச் சிந்தியது.

வெகுநேரம் கழித்துப் பாண்டிமீனா வாசலைப் பார்த்தாள். பிள்ளை இன்னும் அங்கேயேதான் நின்றது.

"எதுக்கு டீச்சர் அங்கனயே நிக்குது?"

கனகாவுக்கு இதைச் சொல்லப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாள். "அப்பா வந்துருவாருன்னு எல்லாரும் சொல்லிருக்காங்க. நீயும் சொல்லிருப்ப. வருவாருன்னா அதுக்கு வருவாருதான். வர்ற வரைக்கும் நிக்கும். அதுக்கு வேற மாதிரித் தெரியாது."

 பாண்டிமீனா படத்திலிருந்த சிவபாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் நின்றாள். வாயைப் பொத்தியிருந்த அந்தச் சின்னக் கையைப் பிடித்து மெல்ல விலக்கினாள்.  இரண்டுதரம் ஆரம்பித்து இரண்டுதரமும் முடியவில்லை. மூன்றாவது தரம், மகள் பேசுகிற மாதிரியே, இலக்கணம் எதையும் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா போறேன்."

பிள்ளை படத்தைப் பார்த்தது. அம்மாவின் வாயைத் தொட்டுப் பார்த்தது. ரொம்ப நேரம் யோசித்தது. அப்புறம், அதே கட்டைக் குரலில், "அப்பா போறேன்" என்றது.

"ஆமா தாயி. அப்பா போயிட்டாரு."

பவதாரிணி இடுப்பிலிருந்து இறங்கியது. வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஒச்சாயி ஓடிப்போய்ச் சோறு போட்டது. பசித்த பிள்ளை அள்ளி அள்ளித் தின்பதை மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருட்டுவதற்குள் போகவேண்டும். கனகா எழுந்தாள். இன்னும் துக்கம் ஆறாத வீடு, சொல்லிக்கொள்ளக் கூடாது. சத்தம் காட்டாமல் படியிறங்கிச் செருப்பில் காலை நுழைத்தாள்.

"டீச்சர்" என்று பின்னாலிருந்து பாண்டிமீனா கூப்பிட்டாள். "சொல்லிட்டுப் போங்க. இல்லாட்டி ஒங்களுக்காகவும் வந்து வாசல்ல நிக்கும்."

கனகா திரும்பினாள். சோற்றுக் கையோடு பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கனகாவைப் பெற்றவள் எத்தனையோ தரம் மண்டையில் குட்டி, சொல்லாதே என்று வளர்த்த சொல். நடுவீட்டில் விளக்கு எரிய, செத்தவன் படத்துக்கு எதிரே, படியில் நின்றுகொண்டு கனகா அதைச் சொன்னாள்.

"டீச்சர் போறேன்."

"டீச்சர் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை தட்டுக்குத் திரும்பியது.

"நாளைக்கு நானே பள்ளிக்கூடத்துல கொண்டாந்து விடுறேன்" என்றாள் பாண்டிமீனா.